கண்ணுக்குத் தெரியாத மரத்தூள்

ராசிபுரத்துக்கு அருகே, அலவாய்மலையை அண்டிய சமவெளியில் இருக்கும் வெண்ணந்தூரில் குடியிருப்பும் தொழிற்கூடமும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் இருந்து வருகின்றன. முன்னறையில் குழந்தைகள் பாடம் படிக்கப் பின்னறையில் விசைத்தறி ஓடும். சமையலறைக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவே ஒரு சுவரோ, சில வீடுகளில் அதுவுமின்றி ஒரு திரைச்சீலையோ மாத்திரம் இருக்கும். நெய்கிறவர் தம் புருவத்தில் படிந்த பஞ்சுத் தூசியைத் தோள்துண்டால் தட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவதை இப்பிரதேசத்தில் யாரும் விசேஷமாகக் கவனிப்பதில்லை. தொழில் வீட்டுக்குள் இருந்தால் தொழிலின் தூசியும் வீட்டுக்குள்தான் இருக்கும் என்பதை நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவாசித்தே அறிந்திருக்கின்றன. அதே விஷயம் இப்போது வேறொரு தொழிலின் மூலமாக, பஞ்சைக் காட்டிலும் சூட்சுமமான அபாயத்தோடு, வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது.

தச்சுவேலை இந்த மாவட்டத்துக்குப் பழையது. 1997-ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்றது. அந்தப் பட்டறைகளில் மரமறுத்தும் இழைத்தும் பழகிய கைகள் ஏராளம். கைத்தறியின் சட்டங்களையும் மிதிகளையும் ஊரூராகச் செய்துகொடுத்த ஆசாரிமார்களின் பரம்பரையும் இங்கே உண்டு. இவர்களோடு, மின்சாரக் கருவிகள் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்ட பிறகு, பள்ளி ஆசிரியரும் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தரும் கூடக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் ஒரு வட்ட ரம்பம், ஒரு பிளேனர், ஒரு ரவுட்டர், ஒரு சாண்டர் என்று சேர்த்து வைத்துக்கொண்டு, மேஜையும் அலமாரியும் பூஜை மண்டபமும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். மனிதன் தன் கையால் ஒரு பொருளைச் செய்து மகிழ்வதைவிட மேலான பொழுதுபோக்கு வேறொன்று உண்டென்று நான் நினைக்கவில்லை. ஆகையால்தான் அந்த மகிழ்ச்சியைக் காப்பாற்றித் தரக்கூடிய ஒரு சாதனத்தைப் பற்றி, அதாவது மரத்தூளைத் தானாகவே இழுத்துச் சேகரிக்கும் அமைப்பைப் பற்றி, விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கை இழைப்புளி மரத்தைச் சீவும்போது நீண்ட சுருள்கள் விழும். அவை காலடியில் குவியுமேயொழிய மூக்கில் ஏறுவதில்லை. கைவாளின் தூளும் பெரும்பாலும் கனமானது. விழுந்த இடத்திலேயே கிடக்கும். மின்சாரக் கருவியின் வேலை அப்படிப்பட்டதன்று. 10 அங்குல விட்டமுள்ள ரம்பத்தகடு நிமிடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் தடவை சுழலும்பொழுது, அதன் பற்கள் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மரத்தைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலில் மரத்தின் நார் அறுபடுவதோடு பொடியாகவும் நொறுங்குகிறது. உப்புத்தாள் பொருத்திய சாண்டரோ மரத்தை மாவாகவே அரைத்துவிடுகிறது. தரையில் குவிந்து கிடக்கும் கரடுமுரடான தூளைப் பார்த்து நாம் அஞ்சுகிறோம், பெருக்கித் தள்ளுகிறோம், சுத்தமாகிவிட்டதென்று திருப்தியடைகிறோம். அஞ்ச வேண்டியது அதைப் பார்த்தன்று.

ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணக் கண் சுமார் 40 மைக்ரானுக்குக் குறைந்த துகளைத் தனியாகக் காண்பதில்லை. ஆனால் மூக்கின் வடிகட்டலையும் தொண்டையின் ஈரத்தையும் கடந்து நுரையீரலுக்குள் இறங்குகிறவை 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களே. அவற்றுள்ளும் நாலைந்து மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டவை நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்ல வல்லவை. காற்று அசையாத ஓர் அறையில், தலையுயரத்திலிருந்து 10 மைக்ரான் துகள் ஒன்று தரைக்கு வந்து சேர எட்டு நிமிஷம்போல ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கோ அரைநாள் வேண்டும். வேலை முடிந்து, விளக்கணைத்து, கைகால் கழுவிச் சாப்பிட்டுத் தூங்கப் போன பிறகும் அந்தத் துகள்கள் கொட்டகையில் மிதந்துகொண்டேயிருக்கின்றன. கதவிடுக்கின் வழியாக வீட்டுக்குள்ளும் வருகின்றன. நம்முடைய புலன்களில் ஒன்றுகூட இவற்றைக் குறித்து நமக்கு எச்சரிக்கை செய்வதில்லை. தூள் பிடிக்கும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும், அது ஏன் மனிதன் நினைவூட்டாமலே தானாக இயங்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிற விஷயம் இதுவே.

தொழிலாளியின் வியாதியை அவனுடைய தொழிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று உலகத்துக்கு முதலில் விரிவாகப் போதித்தவர் இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழில்களால் விளையும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், சணலையும் ஆளிநாரையும் பட்டையும் சிக்கெடுப்பவர்கள் தூசியால் இருமுவதைப் பற்றி எழுதினார். பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வரும் மார்பிறுக்கம், வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அதிகமாகத் தோன்றும் விசித்திரமான அந்நோய், பிற்காலத்தில் பிஸினோஸிஸ் என்ற பெயரில் இந்தியச் சட்டத்திலும் தொழில்நோய்களின் பட்டியலில் இடம் பெற்றது. மரத்தூளின் கதை இன்னும் தாமதமாகவே வெளியாயிற்று. இங்கிலாந்தில் நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஹை விகோம் என்ற ஊரைச் சுற்றி, மூக்கின் உட்குழிகளில் தோன்றும் மிக அபூர்வமான ஒரு வகைப் புற்றுநோய் மரவேலைக்காரர்களிடையே அடிக்கடி காணப்படுவதை எஸ்மி ஹாட்ஃபீல்ட், ரொனால்ட் மெக்பெத் என்னும் காது மூக்குத் தொண்டை வைத்தியர்கள் 1960-களில் கண்டுகொண்டனர். 1968-இல் டொனால்ட் ஆக்கிஸன் முதலியோருடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, சந்தேகத்தை நிச்சயமாக்கிற்று. 1995-இல், உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளை மனிதனுக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கும் வகுப்பு அது.

புற்றுநோய் வருவது வெகு சிலருக்கே. பல வருஷங்கள் இடைவிடாமல் தூளைச் சுவாசித்தவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. ஆஸ்துமாவும், ஓயாத தும்மலும், தோல் அரிப்பும் அத்தனை காலம் காத்திருப்பதில்லை. வாகை மரத்தை அறுத்தவர் எவரும் அதன் தூள் கிளப்பும் தும்மலை மறந்திருக்க மாட்டார். தேக்கிலும் ஈட்டியிலும் இயல்பாக உள்ள சில ரசாயனப் பொருள்கள் சிலருடைய சருமத்தில் தடிப்பை உண்டாக்குகின்றன. உறுதிக்காக நாம் போற்றுகிற மரங்களிலேயே இந்தக் குணம் அதிகமாக இருப்பது கவனிக்கத்தக்கது, ஏனெனில் பூச்சியையும் பூஞ்சையையும் தடுத்து மரத்தைக் காக்கின்ற பொருள்களே இவை. ஒட்டுப்பலகையும் எம்.டி.எஃப். பலகையும் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்பட்ட இந்தப் பலகைகளை அறுக்கும்போது மாவினும் மெல்லிய தூள் கிளம்புகிறது. ஃபார்மால்டிஹைடும் புற்றுநோய்ப் பட்டியலின் முதல் வகுப்பிலேயே இருக்கிறது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 14-ஆம் பிரிவில், தூசியை வெளியேற்றும் சாதனத்தைத் தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் பொருத்தி, அவ்விடத்தை இயன்ற அளவு மூடியும் வைக்க வேண்டுமென்று விதித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அனுபவத்துக்குப் பிறகும் இதைவிடச் சரியான உபதேசத்தை ஒரு பொறியாளர் கூற முடியாது. ஆனால் மின்சக்தியோடு 10 பேராவது வேலை செய்யும் இடமே அச்சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலையாக இருந்தது. 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்திற்று. தகப்பனும் மகனுமாக இருவர் உழைக்கும் கொட்டகைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. ஐரோப்பாவில் கடினமரத் தூளுக்கு விதித்திருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். ஜன்னலில்லாத கொட்டகையில் சாண்டரை ஓட்டும் ஒருவர் அந்த வரம்பை மீற அதிக நேரம் வேண்டியதில்லை. வீட்டுப் பட்டறையில் வரம்பு விதிக்கிறவரும் அதைக் காக்கிறவரும் வேலை செய்கிற அவரேதான்.

இனி அமைப்புக்கு வருவோம். காற்றை ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள்; அந்த எண்ணத்தினால்தான் பெரும்பாலான அமைப்புகள் பயனற்றுப் போகின்றன. கைநீளத் தூரத்தில் இருக்கும் விளக்கை நாம் ஊதி அணைத்துவிடலாம், உறிஞ்சி அணைக்க முயன்றால் உதடு சுடரைத் தொட வேண்டியிருக்கும். குழாயின் வாயிலிருந்து வெளிவரும் காற்று வெகுதூரம் ஒரே திசையில் பாயும். உறிஞ்சப்படும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேருவதால், வாயிலிருந்து ஒரு குழாயின் விட்டமளவு தள்ளிப் போனாலே அதன் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 4 அங்குலக் குழாயின் வாயை ரம்பத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, எவ்வளவு பெரிய மோட்டார் வாங்கினாலும் பயனில்லை. ஆகவே முதல் செலவும் முதல் சிரத்தையும் மூடிகளுக்கே உரியவை. வட்ட ரம்பத்துக்கு மேஜையின் அடியில் ஒரு பெட்டியும் தகட்டின் மேலே ஒரு கவசமும் ஆக இரண்டு இடத்தில் உறிஞ்சல் வேண்டும். பிளேனருக்கு அதன் தூள் பாயும் திசையை எதிர்கொண்டு ஒரு வாய் வேண்டும். தகரத்தாலும் பலகைத் துண்டாலும் இவற்றைச் செய்துகொள்ள ஓர் ஆசாரிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மூடியில் பிடிபட்ட தூளைச் சுமந்து செல்லும் காற்றுக்கு ஒரு வேகம் தேவை. மரத்தூளும் சீவலும் கலந்த காற்று நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் ஓடினால்தான் தூள் குழாயில் தங்காமல் போகும். வேகம் குறைந்தால் படுத்த குழாய்களில் தூள் அடைந்து, நாளடைவில் வழியே மூடிக்கொள்ளும். இந்த வேகத்தில் 4 அங்குலக் குழாய் நிமிடத்துக்கு 350 கன அடிக் காற்றையே கடத்தும். 6 அங்குலக் குழாய் ஏறத்தாழ 785 கன அடி கடத்தும். விட்டம் ஒன்றரை மடங்கு கூட, காற்று இரண்டேகால் மடங்கு கூடுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூளை மட்டும் அள்ளுவதற்கு 4 அங்குலம் போதும். கண்ணுக்குத் தெரியாததையும் அது மிதந்து தப்புவதற்குள் பிடிக்க வேண்டுமானால் பெரிய ரம்பங்களுக்கு 6 அங்குலம் அவசியம். சிக்கனம் என்று கருதிப் பலர் சிறிய குழாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது சிக்கனமாகாது. குழாயின் பாதை குறுகியதாக இருக்கட்டும்; ஒவ்வொரு செங்கோணத் திருப்பமும் பல அடி நேர்க்குழாயின் தடையைத் தருவதால், இரண்டு 45 பாகைத் திருப்பங்களை இடைவெளிவிட்டுச் சேர்த்து வளைப்பது நல்லது; சுருங்கி விரியும் நெளிகுழாயை ஒரு முழத்துக்குமேல் உபயோகிக்கலாகாது.

அடுத்தது தூளையும் காற்றையும் பிரிப்பது. இதற்கான சாதனத்தின் பிறப்பு ஒரு துயரத்தோடு சம்பந்தப்பட்டது. 1878-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து வாஷ்பர்ன் மாவு ஆலையில் காற்றில் மிதந்த மாவுத்தூள் தீப்பற்றி வெடித்து 18 பேர் மாண்டனர். அதன் பிறகு ஆலைகளில் தூளைப் பிடிக்கும் இயந்திரங்களுக்கு மதிப்பு ஏறிற்று. அடுத்த பத்தாண்டிலேயே சைக்ளோன் என்னும் சுழற்காற்றுக் கூம்புகள் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றன. அதன் தத்துவம் எளியது. மேலே உருளையாகவும் கீழே குறுகும் கூம்பாகவும் செய்த தகரப் பாத்திரத்துக்குள் தூள்காற்று பக்கவாட்டில், சுவரைத் தொட்டாற்போல, நுழைந்து சுழல்கிறது. கனமான துகள் வெளிச்சுவரில் வீசப்பட்டு, சறுக்கிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள டிரம்மில் விழுகிறது. தூள் நீங்கிய காற்று கூம்பின் நுனியருகே திரும்பி, நடுவில் இருக்கும் குழாய் வழியாக மேலேறிப் போய்விடுகிறது. தேய்வதற்கோ அடைவதற்கோ அதனுள் அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. மர அறுவை ஆலை ஒன்றின் கூரையில் இத்தகைய கூம்பைப் பார்த்த பிறகே ஜேம்ஸ் டைஸன் என்ற ஆங்கிலேயர் பையில்லாத வீட்டுத் தூசியுறிஞ்சியைச் சமைக்கத் தலைப்பட்டார்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நூற்பாலைகளுக்குக் காற்றுக் குழாய் அடிக்கும் தகரவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், ஜி.ஐ. தகட்டை உருட்டிக் கூம்பாக்கி ஈயம்பற்ற வைப்பது அவர்களுக்குப் பழகின வேலை. அளவுகளைத் தாளில் வரைந்து கொடுத்தால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: அடியிலுள்ள டிரம்மின் மூடியில் ஊசியளவு துவாரம் இருந்தாலும் அதன் வழியே புகும் காற்று, விழும் தூளை மறுபடியும் மேலே தூக்கிச் சென்றுவிடும். ரப்பர் வாரும் இறுக்கமான கொக்கியும் வேண்டும். காற்றை இழுக்கும் புளோயரைக் கூம்புக்குப் பின்னால் வைக்க வேண்டும்; முன்னால் வைத்தால் மரத்துண்டும் ஆணியும் அதன் இறக்கையில் மோதும்.

சைக்ளோன் 10 மைக்ரானுக்கு மேற்பட்டதைத் திறமையாகப் பிடிக்கும். அதற்குக் கீழ்ப்பட்டதில் ஒரு பங்கு தப்பிவிடும். அந்த மீதியை என்ன செய்வது என்பதில் நமக்கும் குளிர்நாட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை வெளியே விட மனமில்லாமல், விலையுயர்ந்த மடிப்பு வடிகட்டிகளில் அதைச் சுத்தம் செய்து மறுபடியும் அறைக்குள்ளேயே விடுகிறார்கள். கடையில் அமைப்போடு சேர்த்து விற்கும் துணிப்பை பெரும்பாலும் 30 மைக்ரான் அளவுள்ளதையே நிறுத்தக்கூடியது. அது தரையிலிருந்த கரடுமுரடான தூளை எடுத்துவிட்டு, மெல்லிய தூளை மூச்சுயரத்தில் பரப்பும் கருவியாகவே முடிகிறது. நம்முடைய சமவெளியில் பெரும்பாலான மாதங்களில் ஜன்னலைத் திறந்தே வேலை செய்கிறோம். ஆகையால் சைக்ளோன் கடந்த காற்றைக் கூரைக்கு மேலாக வெளியேற்றிவிடுவதே நமக்குச் சிக்கனமும் ஆரோக்கியமுமான வழி. ஆனால் பக்கத்து வீட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். தறிப்பட்டறை நிறைந்த தெருவில், ஒருவர் விடும் மரத்தூள் இன்னொருவருடைய வெள்ளை நூலில் படிந்தால் அவருடைய ஒருநாள் உழைப்பு கெடும். வெளிவாயை உயரத்தில், பக்கத்து ஜன்னல்களுக்கும் துணி காயும் மொட்டைமாடிக்கும் எதிர்ப்புறமாக வைக்க இடமில்லாதவர், நல்ல வடிகட்டிக்கு ஆகும் செலவை ஏற்றுக்கொள்வதே முறை. வெளியே அனுப்புகிற அளவு காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். ஜன்னல்களை அடைத்துவிட்டுப் புளோயரை ஓட்டினால் அது பக்கத்துச் சமையலறையின் புகையைக் கொட்டகைக்குள் இழுத்து வந்துவிடும்.

இவ்வளவும் கட்டி முடித்த பிறகும் அந்த அமைப்பு பாதி நாட்கள் சும்மா நின்றுவிடுகிறது. ஒரு பலகையில் ஒரே ஒரு வெட்டு வெட்ட வேண்டும். அதற்காக எழுந்து போய்ப் புளோயரைப் போட்டு, மற்ற இயந்திரங்களின் குழாய்க் கதவுகளை மூடி, இதன் கதவைத் திறந்து, வெட்டி முடித்ததும் மறுபடியும் அணைப்பானேன் என்று மனம் சமாதானம் சொல்லும். தூள் கண்ணை எரிய வைத்தால் மனிதன் எழுந்து போவான். கண்ணுக்கே தெரியாத துகளுக்காக எழுந்து போக வேண்டுமென்று அவனுடைய உடம்பு அவனைத் தூண்டுவதில்லை. தானியங்கி என்பதைச் சௌகரியம் என்றோ பகட்டு என்றோ கருதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். விசைத்தறியில் ஊடைநூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடுகிறதல்லவா? 1841-இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத்து வில்லியம் கென்வொர்த்தியும் ஜேம்ஸ் புல்லோவும் காப்புரிமை பெற்ற அந்தச் சிறிய கவை, நெய்கிறவர் பார்க்கத் தவறுவதைத் தான் பார்த்துக்கொள்கிறது. அதன் பிறகே ஒருவர் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. வெண்ணந்தூர்க்காரருக்குத் தானியங்கித் தத்துவத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டறையில் தினமும் அவர் கண்ணெதிரே அது இயங்கிக்கொண்டிருக்கிறது.

மரப்பட்டறையில் கவைக்குப் பதிலாக மின்னோட்டத்தை உணரும் ஒரு சிறு வளையம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் போகும் மின்கம்பியை அந்த வளையத்தின் நடுவே செலுத்திவிட்டால், இயந்திரம் ஓடத் தொடங்கிய கணத்திலேயே வளையத்தில் ஒரு நுண்ணிய மின்னோட்டம் தோன்றும். கம்பியை வெட்டவோ இணைக்கவோ அவசியமில்லை. போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் சேர்த்து நுழைத்தால் ஒன்றின் காந்தசக்தி மற்றொன்றை அழித்துவிடும். ஏதேனும் ஒன்றை மாத்திரமே நுழைக்க வேண்டும். வளையங்களிலிருந்து வரும் சமிக்ஞையைச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று, ஆர்டுயினோ அல்லது இ.எஸ்.பி. 32 என்ற பெயரில் கல்லூரி மாணவர்கள் உபயோகிக்கிறார்களே அதுதான், படித்துக்கொண்டேயிருக்கும். எந்த இயந்திரம் ஓடுகிறதோ அதன் குழாயிலுள்ள தகட்டுக் கதவை ஒரு சிறு செர்வோ மோட்டாரால் திறந்து, மற்றவற்றை மூடி, கதவு முழுவதும் திறந்துவிட்டதென்று அதன் நுனியிலுள்ள சுவிட்சு சொன்ன பிறகே புளோயரைத் தொடங்கும். எல்லாக் கதவும் மூடியிருக்கையில் புளோயர் ஓடலாகாது. மெல்லிய தகரக் குழாய் உறிஞ்சலில் நசுங்கிப் போவதுண்டு. வெட்டு முடிந்து இயந்திரம் நின்றதும் புளோயர் உடனே நிற்கக் கூடாது. குழாயில் பாதி வழியில் இருக்கும் தூள் அங்கேயே படிந்துவிடும். பத்துப் பதினைந்து விநாடி கழித்து நிற்க வேண்டும். அடுத்தடுத்துச் சிறு வெட்டுகள் வெட்டுகிறவருக்கு இந்தத் தாமதத்தை நிமிஷக் கணக்கில் நீட்டிவைப்பது நல்லது. ஏனென்றால் அடிக்கடி நின்று தொடங்கும் மோட்டார் சூடேறிச் சீக்கிரம் கெடும்.

கதவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தகடு வழுக்கிச் செல்லும் பள்ளத்தின் கோடியில் தூள் இறுகிப் போய், கதவு முழுவதும் மூடாமல் நின்றுவிடுவதே இவ்வமைப்புகளில் அதிகமாகக் காணும் கோளாறு. பள்ளத்தின் கோடியைத் திறந்தே விட்டுத் தகடு மறுபுறம் நீட்டிக்கொண்டு வரும்படி செய்தால், தூளைத் தானே தள்ளிவிடும்.

மைக்ரோகண்ட்ரோலரோடு வரும் சிறிய ரிலேயைக் கொண்டு நேராகப் புளோயரை இயக்க முயல்வது அபாயம். 2 குதிரைச்சக்தி ஒற்றைப் பேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவு இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. பம்புசெட் ஸ்டார்ட்டரில் இருக்கும் காண்டாக்டரை இடையில் வைத்து, ரிலே அதை இயக்க, அது மோட்டாரை இயக்கும்படி செய்ய வேண்டும். செல்போனில் அழைத்தால் கிணற்று மோட்டார் ஓடும்படி ஸ்டார்ட்டர் பொருத்தித் தருகிற எலக்ட்ரீஷியன் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டால் இந்த வேலை அரைநாளில் முடியும். ரம்பமும் புளோயரும் ஒருங்கே ஓடும்போது வீட்டு வயரிங் தாங்காது. மீட்டரிலிருந்தே தனிக் கம்பியும் தனித் துண்டிப்பானும் வேண்டும். பி.வி.சி. குழாய் போட்டவர், தூள் உரசுவதால் குழாயின்மேல் ஏறும் நிலைமின்சாரம் தொட்டவரைச் சுண்டாமலிருக்க, குழாயோடு ஒரு செப்புக்கம்பியைச் சுற்றி எர்த்தில் சேர்க்கலாம். தகரக் குழாயானால் சேர்ப்பது இன்னும் எளிது. இரும்பு உரசும் சாணைக் கல்லை மட்டும் இந்தக் குழாயோடு ஒருநாளும் இணைக்கக்கூடாது. அதன் பொறி டிரம்மிலுள்ள தூளில் விழுந்து, வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் கனன்று, இரவில் தீயாகும்.

கையில் பிடித்து ஓட்டும் சாண்டருக்கு இந்தப் பெரிய குழாய் உதவாது. அதன் வாய் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ. அந்தச் சிறிய துவாரத்தில் காற்றை இழுக்க அதிக அழுத்தம் வேண்டும், புளோயரிடம் அது இல்லை. பட்டறைகளுக்கென்று விற்கும் வேக்குவம் கிளீனரை அதற்குத் தனியாக வைத்து, அதே வளையத்தாலும் அதே மைக்ரோகண்ட்ரோலராலும் இயக்கலாம். எல்லாக் கருவியிலும் மெல்லிய தூள் கிளப்புவது சாண்டரே ஆனதால், கையில் பணம் குறைவாக உள்ளவர் முதலில் இந்தச் சிறிய ஏற்பாட்டிலிருந்தே தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அமைப்பு வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாதென்பதை முன்பே கண்டோம். லேசர் ஒளியால் துகள்களை எண்ணும் சிறு உணர்கருவிகள் இப்போது எளிய விலைக்குக் கிடைக்கின்றன. அதையும் மைக்ரோகண்ட்ரோலரில் இணைத்து, மூச்சுயரத்தில் சுவரில் மாட்டிவைக்கலாம். இரண்டரை மைக்ரானுக்குட்பட்ட தூசிக்கு இந்திய அரசு விதித்திருக்கும் 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் சொன்ன அளவு 15. வேலையைத் தொடங்குமுன் உள்ள எண்ணையும் ஒரு வெட்டுக்குப் பின் உள்ள எண்ணையும் ஒப்பிட்டாலே, எந்த மூடி ஒழுகுகிறது, எந்த இயந்திரத்துக்கு இன்னும் காற்று போதவில்லை என்பது விளங்கிவிடும். அந்த எண் இறங்காதவரையில் முகமூடியைக் கழற்றாமல் இருப்பதும், கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவைச் சாத்தியே வைப்பதும் வேண்டும். முகமூடி என்பது கைக்குட்டையன்று, என்.95 தரத்தில் முகத்தோடு ஒட்டிப் பொருந்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

டிரம்மில் சேரும் தூளுக்கு இந்த மாவட்டத்தில் கிராக்கி உண்டு. கோழிப் பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தரையில் பரப்பும் படுக்கைக்கு நெல் உமியோடு மரத்தூளும் மரச்சீவலும் போகின்றன. மரத்தூள் அடுப்பு இன்னும் எரிகிற வீடுகளும் இருக்கின்றன. பிளேனரிலிருந்து வரும் சீவலைத் தாராளமாகக் கொடுக்கலாம். சாண்டரின் மாவைக் கோழிக்குப் போட்டால் அதன் நுரையீரலும் நம்முடையதைப்போலவே வருந்தும். ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப்., மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றின் தூள் கோழிப் பண்ணைக்கும் உதவாது, அடுப்புக்கும் உதவாது. அதைத் தனி டிரம்மில் சேர்த்து, பையில் கட்டி, பேரூராட்சிக் குப்பை வண்டியில் சேர்ப்பதே சரி. டிரம் முக்கால் பாகம் நிறைவதற்குள் காலி செய்துவிட வேண்டும். அதற்கு மேல் நிறைந்தால் கூம்பின் சுழல் தூளைத் தொட்டுக் கிளப்பி, வடிகட்டியை ஒரே நாளில் அடைத்துவிடும். காலி செய்யும்போது டிரம்முக்குள் முன்னமே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து வைத்திருந்தால், அதன் வாயைக் கட்டி அப்படியே தூக்கிவிடலாம்; கொட்டிக் கவிழ்க்கிறவர், வாரமெல்லாம் பிடித்த தூளில் மெல்லியதை ஒரே நிமிஷத்தில் தம் முகத்துக்கு நேராகவே திறந்துவிடுகிறார்.